61 பேரிடம் பணம் கேட்டீர்கள், வீட்டில் நேரம் கேட்டீர்களா?

வாசகி கேள்வி:

எனக்கு 37 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. மகளுக்கு 8 வயது, மகனுக்கு 3. என் அம்மா மார்பகப் புற்றுநோயில் இரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். அவர் நினைவாக டிசம்பரில் நடக்கும் கோவை மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓட முடிவு செய்திருக்கிறேன். இன்னும் 18 வாரம் இருக்கிறது. தெரிந்தவர்கள் 61 பேரிடம் கேட்டு இதுவரை 38,400 ரூபாய் சேர்த்து என் கணக்கில் வைத்திருக்கிறேன்.

கணவருக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். குழந்தைகள் எழுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று வாரத்தில் 5 நாள் அதிகாலை மூன்றரைக்கு எழுந்து ஓடுகிறேன். 6 கிலோமீட்டர் வரை நிற்காமல் ஓட முடிகிறது. மூன்று வாரமாகப் படி இறங்கும்போது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. ஆபீசில் மத்தியானம் கண் சொக்குகிறது. இன்னொன்றை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மகன் பிறந்ததிலிருந்து தும்மினாலும் ஓடினாலும் கொஞ்சம் சிறுநீர் கசிகிறது.

‘ஏன் அம்மிணி, ஓடித்தான் குடுக்கோணுமா? அந்தக் காச நேரா குடுத்தா ஆகாதா?’ என்கிறார் மாமியார். பிள்ளைகளை விட்டுவிட்டு என் ஆசைக்கு ஓடுகிறேனோ என்று உறுத்துகிறது. ஓடி முடிக்க முடியாமல் போனால் பணம் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்? மகள் வேறு ‘நானும் வருவேன்’ என்று அடம்பிடிக்கிறாள். என்ன செய்யலாம்?

பிசியோதெரபிஸ்ட் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை, முழங்காலுக்கும் கசிவுக்கும் என்ன சொல்லலாம் என்ற யோசனையோடு படித்தேன். இரண்டாவது தடவைதான் ஒன்று கண்ணில் பட்டது. அம்மாவுக்காக 61 பேரிடம் வாய்விட்டுப் பணம் கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு பெரிய காரியம் அது! ஆனால் ‘எனக்கு வாரத்தில் இத்தனை மணி நேரம் வேண்டும், அதுவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கணவரிடமோ மாமியாரிடமோ கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்கத் தயங்கி, யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லாத இடத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் தூக்கத்திலிருந்து.

மூன்றரைக்கு எழுகிறீர்கள். 3 வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில், பாத்திரம் கழுவி, மறுநாள் பள்ளிக்கு எடுத்து வைத்துப் படுக்கப் பத்தரையாவது ஆகும். ஆக, ஐந்து மணி நேரத் தூக்கம். அதுவும் இடையில் பையன் அழாமல் இருந்தால்தான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும், பயிற்சி எடுப்பவர்களுக்கு அதற்கு மேலும் வேண்டும். ஓடும்போது தசையிலும் எலும்பிலும் நுண்ணிய அளவில் தேய்மானம் நடக்கிறது. அதைச் சரிசெய்யும் வேலையில் பெரும்பகுதி நாம் தூங்கும்போதுதான் நடக்கிறது. தூங்காமல் ஓடினால் தேய்மானம் மட்டும் மிச்சம். மத்தியானம் கண் சொக்குவதற்கும் முழங்கால் முரண்டு பிடிப்பதற்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

அதனால் என் முதல் மருந்துச்சீட்டு இதுதான்: மூன்றரை மணி அலாரத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இருட்டில், ஆளில்லாத தெருவில், நாய்களுக்கு நடுவே தனியாக ஒரு பெண் ஓடுவதும் எனக்குச் சம்மதமில்லை.

சரி, வேறு எப்போது ஓடுவது? 21 கிலோமீட்டருக்கு வாரத்தில் 5 நாள் ஓடத் தேவையே இல்லை. மூன்று நாள் போதும். வேலை நாட்களில் இரண்டு முறை 35 முதல் 40 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம். அவ்வளவுதான். உங்கள் கணவரின் ஷிப்ட் அட்டவணையைச் சமையலறைக் காலண்டரில் எழுதிப் பாருங்கள். முதல் ஷிப்ட் வாரத்தில் அவர் மாலையில் வீட்டில் இருப்பார். நீங்கள் ஆறு மணிக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் ஓடலாம். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் அவர் காலையில் இருப்பார். வெளிச்சம் வந்த பிறகு கிளம்பலாம். நைட் ஷிப்ட் வாரம்தான் கடினம். அந்த வாரம் மகளை டான்ஸ் கிளாசிலோ டியூஷனிலோ விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் இருந்தால், அங்கேயே சுற்றுவட்டாரத்தில் ஓடிவிடுங்கள். மொட்டைமாடியில் மட்டும் வேண்டாம். சின்ன இடத்தில் திரும்பித் திரும்பி ஓடுவது முழங்காலுக்குக் கெடுதல்.

இப்போது கணவரிடம் கேட்பதற்கு வருவோம். ‘ஒத்தாசையாக இருங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அதற்கு எல்லோரும் சரி என்பார்கள், எதுவும் மாறாது. பணம் கேட்டபோது எப்படிக் கேட்டீர்களோ அப்படியே கேளுங்கள். தொகை, காரணம், தேதி எல்லாவற்றையும் சொல்லி. ‘டிசம்பர் ஓட்டம் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு முதலில் ஒரு மணி நேரம், போகப் போக இரண்டரை மணி நேரம் வேண்டும். அந்த நேரம் பையனுக்குப் பால், இருவருக்கும் டிபன், குளியல் உங்கள் பொறுப்பு. நான் வந்து எதையும் சரிபார்க்க மாட்டேன்.’ கடைசி வாக்கியம் மிக முக்கியம். அவர் பிள்ளைக்கு எந்தச் சட்டை போட்டிருந்தாலும் பேசாமல் இருந்துவிடுங்கள்.

சுயநலமோ என்று உறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, உச்சத்தில் நான்கு மணி நேரத்தை நெருங்கும் ஒரு வேலை இது. அதில் பாதி, பிள்ளைகள் அப்பாவோடோ பாட்டியோடோ இருக்கும் நேரம். அந்த நேரத்தில் அவர்களுக்கு எந்தக் குறையும் வராது. குறை வருவது, ஐந்து மணி நேரம் தூங்கிய அம்மா சாயங்காலம் ஆறு மணிக்குக் காரணமில்லாமல் எரிந்து விழும்போதுதான். தூக்கத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், உறுத்தலில் பாதி அதோடு போய்விடும். இது என் வீட்டிலேயே நான் பார்த்தது.

அப்புறம், நீங்கள் எழுதக் கூச்சப்பட்ட விஷயம். எழுதியதற்கு நன்றி. ஓடும் தாய்மார்களிடம் இதை நான் மிகச் சாதாரணமாகப் பார்க்கிறேன். நான் கேட்டால்தான் சொல்வார்கள். கறுப்பு நிறப் பேன்ட் மட்டுமே போடுவார்கள், ஓடும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார்கள், ‘ரெண்டு பிள்ளை பெத்தா அப்படித்தான்’ என்று பாட்டி சொன்னதை நம்பிக்கொண்டிருப்பார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். என் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கும் இது இருந்தது. அதை இன்னொரு பிசியோதெரபிஸ்டிடம் வாய் திறந்து சொல்ல எனக்கே இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் கழிப்பறை இருக்கும் பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓடினேன். அந்த இரண்டு வருடம் உங்களுக்கும் வீணாகப் போகக் கூடாது.

இடுப்பு எலும்புகளின் அடியில், முன்னே இருந்து பின்னே வரை ஒரு தொட்டில் துணிபோலத் தசைகள் விரிந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இடுப்புத்தளத் தசைகள் எனப்படும் இவைதான். கர்ப்ப காலப் பாரத்தாலும் பிரசவத்தாலும் அவை தளர்ந்துபோகும். சிசேரியன் ஆனவர்களுக்கும் இது வரலாம். ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை தரையில் விழுகிறது. தொட்டில் துணி தளர்வாக இருந்தால் அந்த அதிர்ச்சியைத் தாங்காமல் கசிகிறது. 2019-இல் பிரிட்டனைச் சேர்ந்த மூன்று பிசியோதெரபிஸ்டுகள், பிரசவத்துக்குப் பிறகு ஓட்டத்துக்குத் திரும்புவதற்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். குறைந்தது மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும், கசிவோ அடிவயிற்றில் கனமோ இருந்தால் முதலில் இடுப்புத்தளத் தசையைப் பரிசோதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் மகனுக்கு 3 வயதாகிவிட்டதே என்று நினைக்க வேண்டாம். எத்தனை வருடம் ஆனாலும் இந்தத் தசைகள் பயிற்சிக்கு இணங்கும்.

செய்ய வேண்டியது இது. படுத்துக்கொண்டு முழங்கால்களை மடக்குங்கள். வாயு பிரியாமல் அடக்குவதுபோல் பின்பக்கத்தை இறுக்கி, அப்படியே சிறுநீரை அடக்குவதுபோல் முன்பக்கத்தையும் சேர்த்து, மொத்தத்தையும் உள்ளே மேல்நோக்கித் தூக்குங்கள். மூச்சைப் பிடிக்கக் கூடாது, புட்டத்தையும் தொடையையும் இறுக்கக் கூடாது. முதலில் 3 விநாடி பிடித்து விடுங்கள், போகப் போக 8 அல்லது 10 விநாடி. விடும்போது முழுதாக விட வேண்டும். ஒரு வேளைக்கு 8 முதல் 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. அதன் பிறகு, பிடித்து வைக்காமல் ‘டக் டக்’ என்று பத்துத் தடவை வேகமாக இறுக்கி விடுங்கள். தும்மலும் ஓட்டமும் வேகமான அதிர்ச்சிகள், அவற்றுக்கு இந்த வேக இறுக்கம்தான் கைகொடுக்கும். மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் முழுதாகத் தெரியும். உங்களுக்கு 18 வாரம் இருக்கிறது, அது போதுமான காலம். ஒரு மாதம் கழித்து உட்கார்ந்தபடியும் நின்றபடியும் செய்யப் பழகுங்கள். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யச் சொல்வார்கள், அது மட்டும் வேண்டாம்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்த்தியானால் பை எரிச்சலடைந்து கசிவு கூடத்தான் செய்யும். அடியில் ஏதோ இறங்கி வருவதுபோலவோ பந்து இருப்பதுபோலவோ தோன்றினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், பெண்களின் இடுப்புத்தளப் பிரச்சினைகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை நேரில் காட்டுங்கள். சரியான தசையை இறுக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு பல பேர் தலைகீழாக, கீழ்நோக்கி முக்குகிறார்கள். அதைக் கடிதத்தில் என்னால் திருத்த முடியாது.

முழங்கால் வலி பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். படி இறங்கும்போதும், சம்மணம் போட்டோ குந்தியோ உட்கார்ந்து எழும்போதும் முன்பக்கம் வலிப்பது, புதிதாக ஓட ஆரம்பித்தவர்களுக்கு அடிக்கடி வருவதுதான். முழங்கால் சில்லுக்கு, தாங்கும் அளவைவிட வேகமாகப் பாரம் ஏற்றியிருக்கிறீர்கள். முதல் இரண்டு வாரம் 4 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். வலியைப் பத்துக்கு எத்தனை என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வரை பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். அதைத் தாண்டினால் அன்றைக்கு நடைதான். அடிகளைச் சின்னதாக, அடிக்கடி வையுங்கள். முழங்காலில் விழும் பாரம் குறையும்.

அதோடு வாரத்தில் இரண்டு நாள், டிவி பார்த்துக்கொண்டே 20 நிமிடம் தசைப் பயிற்சி: சுவரில் சாய்ந்து நாற்காலிபோல் இருப்பது, ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துவது. பிள்ளைகள் கூடவே செய்யட்டும். வீக்கம் இருந்தாலோ, முழங்கால் நடுவில் சிக்கிக்கொள்வதுபோல் ஆனாலோ, நிற்கும்போது மடங்கி விட்டாலோ நேரில் காட்ட வேண்டும். ஷூ பழையதாக இருந்தால் மாற்றுங்கள். விலையைவிட அளவு முக்கியம். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். ஷூவுக்குச் செலவு செய்பவர்கள் இதற்கு யோசிக்கிறார்கள், யோசிக்கவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை இப்படிக் கொண்டுபோகலாம். முதல் இரண்டு வாரம் முழங்காலுக்கு. பிறகு 6, 7, 8 என்று ஏறி ஒரு வாரம் 6-க்கு இறங்குங்கள். அப்புறம் 9, 10, 11, இறக்கம் 8. அப்புறம் 12, 13, 14, இறக்கம் 10. கடைசியில் 16, 18, ஓட்டத்துக்கு முந்தைய ஞாயிறு 12. பயிற்சியில் 18-ஐத் தாண்ட வேண்டாம், மிச்ச மூன்று கிலோமீட்டரை அன்றைய கூட்டமே இழுத்துக்கொண்டு போய்விடும். நீண்ட ஓட்டம் எல்லாவற்றையும் 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று செய்யுங்கள். களைத்த பிறகு நடப்பதில் பயனில்லை, முதல் 4 நிமிடத்திலிருந்தே நடக்க வேண்டும். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலவே பல்லாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த முறை இது. முழங்காலுக்கும் நல்லது, இடுப்புத்தளத் தசைக்கும் ஓய்வு கிடைக்கும். நடையையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் என்று போனாலே 21.1 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அதுதான் உங்கள் வேகம்.

ஓடுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. மத்தியானச் சோர்வுக்குத் தூக்கக் குறைவு மட்டும்தான் காரணமா, ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது அதுதான். வெள்ளிக்கிழமையோ சஷ்டியோ விரதம் இருக்கும் பழக்கம் இருந்தால் அன்றும் மறுநாளும் நீண்ட ஓட்டம் வைக்காதீர்கள். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ‘எனக்குப் போதும்’ என்று எழுந்துகொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஓடும் உடம்புக்கு அது ஆகவே ஆகாது. சாப்பாடு குறைந்தால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பில் நுண்விரிசல் வரும். மாதவிடாய் நின்றால் அதை ஓட்டத்தால் வந்த சாதாரண மாற்றம் என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு மாத்திரைகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓட்ட நாளில் வலிக்கும் என்று முன்கூட்டியே டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீரிழப்போடு அது சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும், போடாதீர்கள். அன்றைக்கு மாதவிடாய் வரும் போலிருந்தால் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். சிலருக்கு ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, மருத்துவர் சொன்னால் மட்டும்தான். மாதவிடாயோடும் ஓடலாம், எத்தனையோ பேர் ஓடுகிறார்கள். நெஞ்சு அடைப்பு, தலைசுற்றல், மயக்கம் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. அவரைச் சமாதானப்படுத்துவதற்காக எதையாவது சொல்லாதீர்கள், உண்மையைச் சொல்லுங்கள். பணத்தை நேராகவும் கொடுக்கலாம், அதுவும் நல்ல காரியம்தான். ஆனால் நேராகக் கொடுத்தால் உங்கள் வீட்டால் முடிந்தது மட்டுமே போயிருக்கும். மற்றவர்களிடம் கேட்டதால்தான் 38,400 ரூபாய் சேர்ந்தது. ஒவ்வொருவரிடமும் அம்மாவின் கதையைச் சொன்னீர்கள், அதைக் கேட்ட பெண்களில் ஒருவராவது தன் மார்பில் உள்ள கட்டியைப் பற்றி மருத்துவரிடம் போயிருக்கக்கூடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை மறக்காமல் வருடக்கணக்கில் பலரிடம் கேட்டுக் கேட்டுத்தான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கொண்டுவந்தார். கோவை மாரத்தானும் 2013 முதல் கோவை புற்றுநோய் அறக்கட்டளைக்காகத்தான் நடக்கிறது. மாமியாரிடம் இதையெல்லாம் சொன்ன கையோடு, ‘அத்தை, ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் பக்கத்தில் இருந்தால்தான் என்னால் ஓட முடியும்’ என்றும் சொல்லுங்கள். அவர் ஓட்டத்தை எதிர்க்கிறாரா, தன்னிடம் எதுவும் கேட்கப்படவில்லையே என்று வருந்துகிறாரா என்பது அப்போது தெரியும்.

பணத்தை உங்கள் கணக்கில் வைத்திருக்காதீர்கள். ஓட்டம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே அறக்கட்டளையைக் கேட்டு அவர்கள் கணக்குக்கு அனுப்பிவிட்டு, ரசீதின் படத்தை எல்லோருக்கும் அனுப்புங்கள். இனிமேல் கொடுப்பவர்களை நேராக அங்கேயே செலுத்தச் சொல்லுங்கள். வரிவிலக்கு வேண்டுகிறவர்களுக்கு நன்கொடை ரசீது அவரவர் பெயரில் வர வேண்டும்; 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த விலக்கு கிடையாது. ஓட்டத்துக்குக் கட்டும் நுழைவுக் கட்டணத்தை நன்கொடைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், இதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

முடிக்க முடியாமல் போனால் என்ன பதில் என்று கேட்டிருந்தீர்கள். கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர் எலும்புப் புற்றுநோயால் 1977-இல் வலது காலை இழந்தார். 1980 ஏப்ரலில், செயற்கைக் காலோடு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடப் புறப்பட்டார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். செப்டம்பர் 1-ஆம் தேதி தண்டர் பே நகரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அவர் மறுகரையைத் தொடவேயில்லை. ஆனால் அடுத்த பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது, கனடியர் ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் என்று அவர் கேட்ட தொகை அது. கொடுத்தவர்கள் நோயை மனதில் வைத்துக் கொடுக்கிறார்கள். எனவே 61 பேருக்கும் இப்போதே ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘பணம் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது. ஓட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். உடம்பு ஒத்துழைக்காவிட்டால் நடப்பேன், அதுவும் முடியாவிட்டால் நின்றுவிடுவேன்.’ இதை எழுதி அனுப்பிய பிறகு, வலியோடு இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்ற கட்டாயம் இருக்காது.

முந்தின நாள் ராத்திரி பையனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே கணவரோடு பேசி வையுங்கள். சாதாரணக் காய்ச்சல் என்றால் அவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் போவீர்கள். பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ ஓட்டம் ரத்து. நள்ளிரவில் பிள்ளை நெற்றியில் கை வைத்துக்கொண்டு எடுக்க வேண்டிய முடிவு இல்லை அது. திருப்பூரிலிருந்து அன்றைக்கு அதிகாலையில் கிளம்பி வராமல், முந்தின நாளே கோவைக்கு வந்து தங்கிவிடுங்கள். ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ, பழக்கம் இருந்தால் காபியும். ஒரு மணி நேரம் தாண்டியதும் பேரீச்சம்பழம் இரண்டு மூன்று, தாகத்துக்கு ஏற்ப ஓ.ஆர்.எஸ். கலந்த தண்ணீர். தாகமே இல்லாமல் நிறுத்தத்துக்கு நிறுத்தம் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், அதுவும் ஆபத்துதான். எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதை 14, 16 கிலோமீட்டர் ஞாயிறுகளிலேயே சாப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு எழுதியவர், உங்கள் மார்பகப் பரிசோதனையைப் பற்றி எழுதவில்லை. அம்மாவுக்கு எந்த வயதில் நோய் தெரியவந்தது என்பதையும் குறிப்பிடவில்லை. அதைத் தெரிந்துகொண்டு ஒரு மருத்துவரிடம் போங்கள். உங்களுக்கு எப்போது மேமோகிராம் தொடங்க வேண்டும், மரபணுச் சோதனை தேவையா என்று அவர் சொல்வார். அக்கா, தங்கை இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில், இந்தியாவில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் மார்பகப் புற்றுநோய்க்காக ஒருமுறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. முதல் நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டீர்களே. 21 கிலோமீட்டர் 8 வயதுக்கு வேண்டவே வேண்டாம். அதே நாளில் 5 கிலோமீட்டருக்கும் பிரிவு இருக்கும், வயது வரம்பைப் பார்த்துக்கொண்டு அதில் அவளுக்கும் அப்பாவுக்கும் பெயர் கொடுங்கள். வேண்டும்போது ஓடட்டும், வேண்டாதபோது நடக்கட்டும், அவள் நிற்கலாம் என்றால் நிற்கலாம். அதுவரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவளை மைதானத்துக்குக் கூட்டிப் போய் இரண்டு சுற்று ஓடவிடுங்கள். அன்றைக்கு நீங்கள் ஓட வேண்டாம், அவள் சொல்லும் வேகத்துக்குப் பக்கத்தில் நடந்தால் போதும்.